செல்போன் கதிர்வீச்சு உடலுக்குள் என்ன செய்கிறது?

அக்கா ஒரு மணி நேரம் போனில் பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டாள்: "ஏன்டா, காது இந்தச் சூடு சுடுதே, உள்ளே மூளையும் இப்படித்தான் சுடுமா?" அதோடு நிறுத்தவில்லை. எதிர் மாடியில் புதிதாக டவர் வைக்கிறார்கள், பையன் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறான், போன் பேசினால் மூளையில் கட்டி வரும் என்று யாரோ செய்தி அனுப்பியிருக்கிறார்கள், எல்லாம் வரிசையாக வந்தது. அன்றைக்கு "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, பயப்படாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால் அது பதிலே இல்லை. அவள் கேட்டவை வேறுவேறு கேள்விகள். சிலவற்றுக்கு உறுதியான பதில் இருக்கிறது, சிலவற்றுக்கு ஏறக்குறைய உறுதியான பதில் இருக்கிறது. டவர் விஷயத்தில் அவள் பயப்படுகிற திசையே தலைகீழ். அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

அந்தக் காதுச் சூட்டிலிருந்தே தொடங்கலாம். நீங்களே ஒன்று செய்து பாருங்கள். போனை ஃப்ளைட் மோடில் போட்டு, கால் மணி நேரம் ஏதாவது கேம் ஆடிவிட்டு, அப்படியே காதில் வையுங்கள். சுடும். ஃப்ளைட் மோடில் ஆன்டெனா எதையும் அனுப்புவதில்லை, ஆனாலும் சுடுகிறது. அடுத்து, கனமான மணிபர்ஸ் ஒன்றை எடுத்துப் பத்து நிமிடம் காதோடு அழுத்திப் பிடியுங்கள். அப்போதும் காது கதகதவென்று ஆகிவிடும், ஏனென்றால் காது மடலைச் சுற்றிக் காற்று ஓட வழியில்லை. போன் பேசும்போது வரும் சூட்டில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான்: பேட்டரியும் சிப்பும் சூடாவது, காற்று அடைபடுவது. ஆன்டெனாவிலிருந்து வரும் அலைகளின் பங்கும் உண்டு, ஆனால் அது மிகச் சின்னது. எவ்வளவு சின்னது என்று பார்ப்பதற்கு முன்னால் அந்த அலைகள் என்ன என்று பார்த்துவிடலாம்.

கதிர்வீச்சு என்றாலே பயமா?

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் ஹிரோஷிமாவும் செர்னோபிலும் நினைவுக்கு வருகின்றன. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வெயில் ஒரு கதிர்வீச்சு. விளக்கு வெளிச்சம் கதிர்வீச்சு. ரேடியோவில் பாட்டு வருவதும் கதிர்வீச்சால்தான். இவை எல்லாமே மின்காந்த அலைகள். ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம், அலை ஒரு நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பதுதான். செல்போன் அலைகள் பெரும்பாலும் நொடிக்கு 70 கோடி தடவையிலிருந்து சில நூறு கோடி தடவை வரை துடிக்கின்றன. பெரிய எண்ணாகத் தெரிகிறது அல்லவா? கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இதைப் போல லட்சக்கணக்கான மடங்கு வேகமாகத் துடிக்கிறது. அதற்கும் மேலே புற ஊதாக் கதிர், அதற்கும் மேலே எக்ஸ்ரே, காமா கதிர்.

துடிப்பு ஏன் முக்கியம்? இந்த அலைகள் உடலில் படும்போது தங்கள் ஆற்றலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் தருகின்றன. வேகமாகத் துடிக்கும் அலையின் பொட்டலம் பெரிது, மெதுவாகத் துடிப்பதன் பொட்டலம் சிறிது. ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறிய ஏறக்குறைய 10 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். எக்ஸ்ரே, காமா கதிர்களின் ஒவ்வொரு பொட்டலத்திலும் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. அதனால்தான் அவற்றால் டிஎன்ஏ இழையை நேரடியாக உடைக்க முடிகிறது. டிஎன்ஏ உடைந்து, சரியாக ஒட்டாமல் போனால் புற்றுநோய்க்கு வழி திறக்கும்.

செல்போன் அலையின் ஒரு பொட்டலத்தில் இருப்பது ஏறக்குறைய 0.000008 எலக்ட்ரான் வோல்ட். அந்த 10-க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் பத்து லட்சம் மடங்குக்கு மேல் குறைவு. சாதாரண விளக்கு வெளிச்சத்தின் பொட்டலத்தோடு ஒப்பிட்டாலே சுமார் மூன்று லட்சம் மடங்கு குறைவு.

"ஒன்று சின்னதாக இருந்தால் என்ன, கோடிக்கணக்கில் வந்து விழுகிறதே, எல்லாம் சேர்ந்தால் உடைக்காதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பத்தடி மதில் ஒன்று இருக்கிறது. அதை ஒரே தாவலில் தாண்ட வேண்டும். ஓரடி தாவக்கூடிய ஆயிரம் பேர் வந்து நின்று குதித்தாலும் ஒருவர்கூட அந்தப் பக்கம் போக முடியாது, ஏனென்றால் அவரவர் தாவலை அவரவர்தான் தாவ வேண்டும். இன்னொருவர் தாவியதைக் கூட்டிக்கொள்ள முடியாது. மூலக்கூறு உடைவதும் அப்படித்தான். ஆயிரம் பேர் விடாமல் குதித்தால் தரை அதிரும், புழுதி கிளம்பும், மதில் மட்டும் அப்படியே நிற்கும். செல்போன் அலை உடலுக்குள் செய்வது அந்தத் தரை அதிர்வைப் போன்றது. அதற்குப் பெயர் சூடு.

எவ்வளவு சூடு?

நம் உடலில் பெரும்பங்கு தண்ணீர். ரேடியோ அலை உள்ளே நுழையும்போது தண்ணீர் மூலக்கூறுகள் அதன் தாளத்துக்கு ஏற்பத் திரும்பத் திரும்பப் புரள்கின்றன, ஒன்றோடொன்று உரசுகின்றன, அது வெப்பமாக மாறுகிறது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இதே முறையில்தான். அதன் அலை 2.45 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 245 கோடி துடிப்பு, செல்போன் பயன்படுத்தும் அலைவரிசைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதைக் கேட்டதும் பலருக்குத் திக்கென்று இருக்கும். ஆனால் அடுப்பு 700, 800 வாட் சக்தியை ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, வெளியே விடாமல், ஒரு கிண்ணத்தின் மேல் கொட்டுகிறது. 4ஜி போன் தன் முழுப் பலத்தையும் காட்டினாலும் 0.2 வாட்தான், அதிலும் ஒரு பகுதிதான் தலைக்குள் போகும். 2008-ல் நாலு போனைச் சுற்றி வைத்தால் நடுவில் இருக்கும் சோளம் பொரிகிறது என்று ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அது ஒரு விளம்பரத்துக்காகச் செய்த ஏமாற்று. நாலு போன் என்ன, நானூறு போன் வைத்தாலும் சோளம் பொரியாது.

இன்னொரு ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது. நம் மூளை சும்மா இருக்கும்போதே சுமார் 20 வாட் ஆற்றலைச் செலவழிக்கிறது. அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பத்தை ரத்த ஓட்டம் நொடிக்கு நொடி அள்ளிக்கொண்டு போகிறது. அப்படிப்பட்ட ஓர் உறுப்புக்குப் பக்கத்தில் 0.2 வாட் வந்து சேர்கிறது. காதை ஒட்டிய மூளைப் பகுதியில் ஏறக்கூடிய வெப்பம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது. காலைக்கும் மாலைக்கும் இடையில் நம் உடல் வெப்பம் தானாகவே அரை டிகிரிக்குக் குறையாமல் ஏறி இறங்குகிறது. ஆக, அக்காவின் முதல் கேள்விக்குப் பதில் உறுதியானது: காது சுடுகிற மாதிரி மூளை சுடுவதில்லை.

அரசுகள் போன்களுக்கு வைத்திருக்கும் வரம்பும் இந்தச் சூட்டை அடிப்படையாகக் கொண்டதுதான். போன் பெட்டியில் எஸ்ஏஆர் என்று ஓர் எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடல் திசு ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் உள்வாங்குகிறது என்பதுதான் அது. முழு உடலுக்கும் கிலோவுக்கு 4 வாட் கணக்கில் கொடுத்தால் உடல் வெப்பம் ஒரு டிகிரி ஏறும் என்று எடுத்துக்கொண்டு, அதை 50-ஆல் வகுத்து 0.08 என்று பொதுமக்களுக்கான வரம்பை வைத்தார்கள். தலைக்கு மட்டும் தனி வரம்பு: ஐரோப்பாவில் 10 கிராம் திசுவில் சராசரியாக 2, அமெரிக்காவில் 1 கிராம் திசுவில் சராசரியாக 1.6. பல போன்களில் *#07# என்று அழுத்தினால் அந்தப் போனின் எண் திரையில் வரும்.

2023 செப்டம்பரில் பிரான்ஸ் அரசு ஐபோன் 12 விற்பனையை நிறுத்தியது நினைவிருக்கலாம். கையிலோ பாக்கெட்டிலோ வைத்திருக்கும் நிலைக்கான சோதனையில் வரம்பு 4. அந்தப் போன் காட்டியது 5.74. பிறகு ஆப்பிள் மென்பொருளை மாற்றி அனுப்பியது. வரம்பைத் தாண்டியதால் யாருக்கும் உடனே ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை, வரம்பே ஆபத்தான அளவுக்கு வெகு கீழேதான் போடப்படுகிறது. ஆனாலும் அரசு சோதித்துப் பார்க்க வேண்டும், மீறினால் நிறுத்த வேண்டும். அப்போதுதான் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்கு மதிப்பு.

அந்த எண்ணில் ஒரு பொறியும் இருக்கிறது. 0.8 போட்ட போன் 1.2 போட்ட போனைவிடப் பாதுகாப்பானது என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அந்த எண், போன் தன் முழுச் சக்தியில் அனுப்பும்போது எடுத்தது. நடைமுறையில் போன் முழுச் சக்தியில் அனுப்புகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது வேறொன்று.

டவரா, கையில் இருக்கும் போனா?

பழைய 2ஜி போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் ஸ்பீக்கர் "டுட்-டுடுட், டுட்-டுடுட்" என்று அடித்துக்கொள்ளும், அப்புறம்தான் மணி அடிக்கும். அது போன் டவரோடு பேசும் சத்தம். 2ஜி போன் தொடர்ச்சியாக அலையை அனுப்பாது. நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அனுப்பும், அந்தத் துடிப்பைத்தான் ஸ்பீக்கர் பிடித்து நமக்குக் கேட்கச் செய்தது. கதிர்வீச்சு என்ற கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காதால் கேட்ட அனுபவம் அது.

அந்தச் சத்தத்தைக் கூர்ந்து கவனித்தவர்கள் இன்னொன்றையும் பார்த்திருக்கலாம். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் சத்தம் மெலிதாக இருக்கும். சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிய இடத்தில் ஸ்பீக்கர் அலறும். காரணம் எளிது. டவர் பக்கத்தில் இருந்தால் போன் கிசுகிசுத்தால் போதும். தூரத்தில் இருந்தால் கத்த வேண்டும். டவரும் போனும் பேசிக்கொண்டு, எவ்வளவு சக்தி போதும் என்று ஒவ்வொரு கணமும் முடிவு செய்கின்றன. இது பேட்டரியை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு, நமக்கும் நல்லதாக அமைந்துவிட்டது. நல்ல சிக்னலில் போன் அனுப்பும் சக்தி, அதன் உச்சச் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். லிஃப்டில், ரயிலில், நிலவறையில் அதே போன் உச்சத்துக்கு ஏறும்.

இப்போது எதிர் மாடி டவரைப் பாருங்கள். அது கத்துகிறது, உண்மைதான், பல பத்து வாட் சக்தியில். ஆனால் அது இருப்பது தூரத்தில். தூரம் இரட்டிப்பானால் வந்து சேரும் சக்தி நாலில் ஒரு பங்காகும், பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகும். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட குறிப்பின்படி, டவர்களிலிருந்து மக்கள் நடமாடும் இடங்களில் விழும் அளவு சர்வதேச வரம்பில் 0.002 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் வரை. காதோடு ஒட்டிய போன், உச்சச் சக்தியில் அனுப்பும்போது, அதன் வரம்பில் பாதி வரைகூடத் தொடும். டவரின் நேர் கீழே நிற்பதும் நினைப்பதுபோல் மோசமில்லை. கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் கடலைப் பார்த்துப் போகிறது, அதன் அடியில் இருட்டுதான். டவர் ஆன்டெனாவும் அப்படித்தான், அலையைப் பக்கவாட்டில், கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து அனுப்புகிறது. நெருங்கக் கூடாத இடம் ஆன்டெனாவின் முகத்துக்கு நேர் எதிரே சில மீட்டர்தான். அதனால்தான் மொட்டை மாடியில் ஆன்டெனா இருந்தால் அதன் முன்னே தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வைக்கிறார்கள்.

இதன் விளைவு என்ன தெரியுமா? டவர் வேண்டாம் என்று போராடி அதை நாலு தெரு தள்ளி அனுப்பிவிட்டால், டவரிலிருந்து வரும் மிகச் சிறிய அளவு இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் வீட்டில் எல்லோருடைய போனும் கத்த ஆரம்பிக்கும். தலைக்குள் போகும் மொத்த அளவு கூடும். இதைச் சொன்னால் பலரும் நம்ப மறுக்கிறார்கள், எனக்கும் முதலில் நம்பச் சிரமமாகத்தான் இருந்தது. பெரிதாக, உயரமாக, இரும்பாக நிற்பதைக் கண்டு பயப்படுவது இயல்பு. கையடக்கமாக இருப்பதைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை.

புற்றுநோய்

அக்காவுக்கு வந்த செய்தியில் "உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்று ஒரு வரி இருந்தது. அது முழுப் பொய்யில்லை. 2011 மே மாதம், அந்த நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 14 நாடுகளைச் சேர்ந்த 31 அறிவியலாளர்களை பிரான்சின் லியோன் நகரில் கூட்டியது. ரேடியோ அலைகளை 2பி என்ற பிரிவில் சேர்த்தார்கள். அதன் பெயர் "புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளது". இந்தப் பிரிவுகளைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். அவை ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. சான்று எவ்வளவு வலுவானது என்பதை மட்டும் சொல்கின்றன. முதல் பிரிவில் புகையிலை இருக்கிறது, வெயில் இருக்கிறது, பதப்படுத்திய இறைச்சியும் இருக்கிறது. மூன்றும் ஒரே அளவு ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை, மூன்றுக்கும் சான்று உறுதி என்பதுதான் அதன் பொருள். 2பி என்றால் சந்தேகப்படக் கொஞ்சம் காரணம் இருக்கிறது, ஆனால் முடிவு சொல்லப் போதாது என்று அர்த்தம். கற்றாழையின் முழு இலைச் சாறும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. காப்பியே 2016 வரை அதில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள்.

அந்தக் "கொஞ்சம் காரணம்" எங்கிருந்து வந்தது? முக்கியமாக இன்டர்ஃபோன் என்ற ஆய்விலிருந்து. 13 நாடுகளில் நடந்து, 2010-ல் முடிவு வெளியானது. மூளையில் கட்டி வந்தவர்களையும் வராதவர்களையும் சந்தித்து, கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் எவ்வளவு நேரம் போன் பேசினீர்கள் என்று கேட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஆபத்து கூடவில்லை. சொல்லப்போனால் போன் பேசுகிறவர்களுக்குக் கட்டி வருவது குறைவாகத் தெரிந்தது. ஆனால் மிக அதிகம் பேசிய பத்து சதவீதத்தினரில், அதாவது வாழ்நாளில் மொத்தம் 1640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களில், கிளியோமா என்ற மூளைக் கட்டி 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். போன் மூளைக் கட்டியைத் தடுக்கிறது என்று யாரும் நம்பமாட்டோம். அப்படிக் காட்டுகிற கணக்கில் எங்கோ கோணல் இருக்கிறது என்றுதான் நினைப்போம். அப்படியானால் அதே கணக்கின் மறு முனையில் தெரியும் 40 சதவீதத்தை மட்டும் எப்படி அப்படியே எடுத்துக்கொள்வது? நீங்களே சொல்லிப் பாருங்கள்: பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் பேசினீர்கள், வலது காதிலா இடது காதிலா? எனக்குப் போன மாதத்துக் கணக்கே தெரியாது. இதில், தலையின் வலப் பக்கம் கட்டி என்று தெரிந்த ஒருவர், "ஆமாம், நான் வலது காதில்தான் அதிகம் பேசுவேன்" என்று நினைவுகூர்வது மனித இயல்பு. அவர் பொய் சொல்லவில்லை. நோய்க்குக் காரணம் தேடும் மனது நினைவைத் திருத்திக்கொள்கிறது.

இந்தச் சிக்கலிலிருந்து தப்ப ஒரு வழி, நோய் வருவதற்கு முன்பே ஆட்களைச் சேர்த்துவிட்டு, பிறகு பல ஆண்டுகள் காத்திருப்பது. டென்மார்க்கில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சந்தாதாரர் பதிவுகளை வைத்துப் பின்தொடர்ந்தார்கள், ஆபத்து கூடவில்லை. யார் பெயரில் சந்தா இருக்கிறதோ அவர்தான் பேசினாரா என்பது தெரியாது, அது அந்த ஆய்வின் குறை. பிரிட்டனில் ஏழே முக்கால் லட்சம் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2022-ல் வந்தது, அதிலும் கூடவில்லை. காஸ்மோஸ் என்ற ஆய்வு ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 2 லட்சத்து 64 ஆயிரம் பேரை எடுத்தது, அவர்கள் சொன்ன கணக்கைச் செல்போன் நிறுவனப் பதிவுகளோடும் சரிபார்த்தது. 2024-ல் வந்த முடிவில், அதிகம் பேசியவர்களுக்கும் குறைவாகப் பேசியவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டு, உலக சுகாதார நிறுவனம் கேட்டு ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் தலைமையில் 63 ஆய்வுகளை ஒன்றாக அலசிய அறிக்கையும் வந்தது. செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பில்லை, இதற்கான சான்று நடுத்தர உறுதி கொண்டது என்பது அதன் முடிவு.

இவற்றைவிட என் மனதில் பதிந்தது ஒன்று. 1990-களின் தொடக்கத்தில் செல்போன் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. இருபது ஆண்டுகளில் கிட்டத்தட்ட எல்லோர் கையிலும் வந்துவிட்டது. போன் மூளைக் கட்டியைப் பெரிய அளவில் உண்டாக்கினால், புற்றுநோய்ப் பதிவேடுகளை நெடுங்காலம் ஒழுங்காக வைத்திருக்கும் நாடுகளில் அந்த எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். டென்மார்க், ஸ்வீடன் போன்ற நார்டிக் நாடுகளிலும் அமெரிக்காவிலும் கிளியோமா விகிதம் ஏறக்குறைய அதே மட்டத்தில்தான் இருந்திருக்கிறது.

எலி ஆய்வைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018-ல் வெளியிட்டது. எலிகளின் முழு உடலிலும், நாளுக்கு 9 மணி நேரம், பத்து நிமிடம் விட்டுப் பத்து நிமிடமாக, இரண்டு ஆண்டுகள் 2ஜி, 3ஜி அலைகளைச் செலுத்தினார்கள். ஆண் எலிகளின் இதயத்தில் ஸ்வானோமா என்ற அரிதான கட்டி கூடியது. பெண் எலிகளிலும் சுண்டெலிகளிலும் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. முழு உடலுக்கும் கொடுத்த அளவு நமக்கான முழு உடல் வரம்பைப் போலப் பல மடங்கு. இன்னொரு விசித்திரம், அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. இதை ஒதுக்கித் தள்ளவும் முடியாது, நம் தலைக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. 2பி பிரிவை மறுபடி ஆராய வேண்டும் என்று 2019-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் ஆலோசனைக் குழு சொன்னதற்கு இந்த எலிகளும் ஒரு காரணம்.

குழந்தைகள் விஷயத்தில் நான் கூடுதலாக எச்சரிக்கை பார்க்கிறவன். அவர்களின் மண்டை ஓடு மெல்லியது, தலை சிறியது. அதே போனை வைத்தால் பெரியவர்களைவிடக் குழந்தையின் மூளை சராசரியாக இரண்டு மடங்கு உள்வாங்கும் என்று 2011 குழுவே சொல்லியிருக்கிறது. 10 முதல் 24 வயது வரை உள்ளவர்களை வைத்து 14 நாடுகளில் நடந்த மோபி-கிட்ஸ் ஆய்வில் ஆபத்து கூடவில்லை, அது ஆறுதல். ஆனாலும் பத்து வயதில் தொடங்கி எழுபது வயது வரை போன் வைத்திருந்த ஒரு தலைமுறை இன்னும் உலகத்தில் இல்லை.

தலைவலி, விந்தணு, 5ஜி

வைஃபையோ போனோ பக்கத்தில் இருந்தால் தலைவலி, படபடப்பு வருகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வலி உண்மையானது, நடிப்பில்லை. அலை இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்கும் சோதனை செய்கிறவருக்கும் தெரியாதபடி வைத்து நடத்திய 46 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அலை இருப்பதை அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அலை இல்லாதபோதும், இருக்கிறது என்று நினைத்தால் வலி வந்தது. வலிக்கு வேறு காரணம் தேடி வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து தெரிவது.

விந்தணு பற்றிய பயமும் பரவலானது. சுவிட்சர்லாந்தில் 2886 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு 2023-ல் வந்தது. நாளுக்கு 20 தடவைக்கு மேல் போனைப் பயன்படுத்தியவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 4.45 கோடி விந்தணு, வாரம் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாதவர்களுக்கு 5.65 கோடி. இரண்டுமே கருத்தரிக்கத் தாராளமாகப் போதும் அளவு. பாக்கெட்டில் போன் வைப்பதற்கும் இந்தக் குறைவுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆகவே இது அலையாலா, ஓயாமல் போனைப் பார்க்கிற வாழ்க்கை முறையாலா என்பதை அந்த எண்கள் பிரித்துச் சொல்லவில்லை.

5ஜி பற்றிச் சுருக்கமாக. அதில் மிக வேகமாகத் துடிக்கும் அலைகள் உடலுக்குள் ஆழமாகப் போவதில்லை, தோலின் முதல் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடும். கொரோனாவைப் பரப்புகிறது என்ற வதந்தியை நம்பி 2020-ல் பிரிட்டனில் டவர்களுக்குத் தீ வைத்தார்கள். வைரஸ் ரேடியோ அலையில் பயணம் செய்யாது.

என்ன செய்யலாம்?

தூரமும் சிக்னலும். இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும். நீண்ட நேரம் பேசுவதானால் ஸ்பீக்கரில் போடுங்கள், அல்லது ஒயர் ஹெட்ஃபோன் மாட்டுங்கள். தலையிலிருந்து ஒரு சாண் தள்ளினாலே தலைக்குப் போவது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ப்ளூடூத்தும் சரிதான், அதன் சக்தி ஒன்றிரண்டு மில்லிவாட்தான். சிக்னல் ஒரே கோட்டில் இருக்கும்போது, லிஃப்டிலோ ஓடும் ரயிலிலோ, ஊர்க்கதை பேச வேண்டாம், ஒரு செய்தி தட்டி விடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் போனைச் சட்டைப் பையில் வைக்காமல் 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். புதிய போன்களுக்குள் இருக்கும் காந்தமும் பேஸ்மேக்கரைக் குழப்பக்கூடும்.

கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் ஸ்டிக்கரை வாங்காதீர்கள். அது உண்மையிலேயே அலையைத் தடுத்தால், சிக்னல் குறைகிறது என்று நினைத்துப் போன் இன்னும் உரக்கக் கத்தும். தடுக்காவிட்டால் காசுதான் நஷ்டம்.

செல்போன் உயிரைப் பறிக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஓர் இடம் இருக்கிறது, அது சாலை. வண்டி ஓட்டும்போது போனைப் பயன்படுத்துகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நாலு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹெட்ஃபோன் மாட்டிப் பேசினாலும் பெரிய வித்தியாசமில்லை, ஏனென்றால் போவது கையல்ல, கவனம். கட்டி வருமா என்று கவலைப்பட்டு ஸ்டிக்கர் ஒட்டிய போனில், வண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

போன வாரம் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன், அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள். பையனின் போன் இப்போது ராத்திரி கூடத்து மேசையில் சார்ஜ் ஆகிறது. சும்மா கிடக்கும் போன் எப்போதாவதுதான் டவரைக் கூப்பிடும், அலைக்காகப் பயந்து எடுக்கவில்லை. தலையணைக்கு அடியில் பேட்டரி சூடு வெளியேற வழியில்லாமல் தவிக்கும், அவனும் நடுராத்திரி வரை விழித்துப் பார்த்துக்கொண்டிருப்பான், அதற்காகத்தான். எதிர் மாடியில் டவர் வந்துவிட்டது. முன்பு ஒரு கோடு காட்டிய அக்கா வீட்டுச் சமையலறையில் இப்போது நாலு கோடு காட்டுகிறதாம்.